செத்த பேட்டரி பதினொண்ணு

எங்க சந்து முனையில பேட்டரி கடை வச்சிருந்த பாய், யாரையும் நல்லாருக்கீங்களான்னு விசாரிச்சு நான் பாத்ததில்ல. "என்ன தங்கச்சி, இன்னைக்கு ரெண்டுலயா, நாலுலயா?" இதுதான் அவரோட விசாரிப்பு. சயான்ல ஏறி, குர்லால மாறி, வாஷி ஆபீசுக்கு ஒம்பது மணிக்குள்ள போய்ச் சேரணுமேன்னு நான் பறந்துக்கிட்டு இருப்பேன். அந்த நேரம் பாத்து இப்படி ஒரு கேள்வி. பதில் சொல்லலேன்னா அவரே சொல்லிக்குவார்: "நாலுலதான் இருக்கு. நடையப் பாத்தாலே தெரியுது. யாரு கையில உள்ளதையும் பிடுங்கிரும்."

அவர் பேரு என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. தாராவியில எங்க பக்கம் எல்லாரும் பேட்டரி பாய்னுதான் சொல்லுவாங்க. கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். பாளையங்கோட்டையில கெமிஸ்ட்ரி படிச்சுட்டு, விக்ரோலியில ஒரு பெயிண்ட் கம்பெனி லேப்ல வேலை பாத்தவர்னு கேள்வி. அங்கருந்து எப்படி இந்தப் பத்துக்குப் பத்து கடைக்கு வந்தார்னு கேட்டா, "காரியம் ஒண்ணும் மாறல தங்கச்சி, அங்கயும் காரீயம், இங்கயும் காரீயம்"னு சொல்லி அவரே சிரிச்சுக்குவார். நமக்குச் சிரிப்பு வராது.

அந்த ரெண்டு, நாலு என்னன்னு சொல்லிருதேன், இல்லேன்னா அந்த மனுசனப் புரிஞ்சுக்க முடியாது. காரீயத்துக்கிட்ட வெளிய குடுக்கிறதுக்குன்னு நாலு எலக்ட்ரான் இருக்காம். ரெண்டை மட்டும் குடுத்துட்டு நின்னா அது ரெண்டுல இருக்கு. நாலையும் குடுத்துட்டு நின்னா நாலுல இருக்கு. பள்ளிக்கூடப் புஸ்தகத்துல ஆக்சிஜனேற்ற நிலைன்னு போட்டிருக்குமே, அதுதான். நமக்குப் பரீட்சையில ரெண்டு மார்க்கு கேள்வி. அவருக்கு அதுதான் தீனி, அதுதான் தூக்கம்.

வெள்ளீயம் நாலையும் சந்தோசமாக் குடுத்துரும், காரீயம் மட்டும் ரெண்டோட நிப்பாட்டிரும்னு அவர் சொல்லும்போது சொந்தத் தம்பியப் பத்திச் சொல்ற மாதிரி இருக்கும். தனிம அட்டவணையில கீழ் வீட்டுல குடியிருக்கிற கனமான ஆளுங்க எல்லாருக்கும் அந்தக் குணம்தானாம். தாலியம் மூணு குடுக்க வேண்டிய இடத்துல ஒண்ணு குடுக்கும். பிஸ்மத் அஞ்சுக்குப் பதிலா மூணு. ஏன்னா ரெண்டு எலக்ட்ரான் வீட்டை விட்டு வெளிய வரமாட்டேன்னு உள்ளேயே உக்காந்துக்கும். "ஏன் வரமாட்டேங்குது?"ன்னு நான் ஒரே ஒரு தடவை கேட்டுத் தொலைச்சேன். அன்னைக்கு எனக்கு லோக்கல் ரயில் போச்சு, அடுத்த லோக்கலும் போச்சு.

அணு கனமா இருக்கிறதுனால எலக்ட்ரான் பேய் ஓட்டம் ஓடுமாம். ஓடுற ஓட்டத்துல அதுக்கு எடை கூடி, இன்னும் உள்ள தள்ளிப் போய் ஒட்டிக்குமாம். அதனால நாலுல நிக்கிற காரீயத்துக்கு இருப்புக் கொள்ளாது. எவன்கிட்டயாவது ரெண்டு எலக்ட்ரானப் பிடுங்கிக்கிட்டு ரெண்டுக்கு வந்து விழத் துடிக்கும். "டாக்ஸிக்காரன் சாவியத் திருப்புதான், வண்டி ஸ்டார்ட் ஆகுது. அந்தப் பன்னெண்டு வோல்ட்டுல பெரும்பங்கு எங்கருந்து வருது? இந்த ஓட்டத்துலருந்து வருது!" சொல்லும்போது அவர் கண்ணு ரெண்டும் வெளிய வந்து விழுந்துரும் போல இருக்கும். எச்சில் தெறிக்கும். நான் பைய மாத்தி மாட்டிக்கிட்டு ஓடுவேன். ஓடுற ரயில்ல உக்காந்து யோசிச்சா, அட, நல்லாத்தான இருக்குன்னு தோணும். அதை அவர்கிட்ட சொன்னதில்ல. சொன்னா மறுநாளும் லோக்கல் போயிரும்.

இந்த ஆர்வத்துல அவருக்கு எதிர்ல நிக்கிற ஆளு கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அவர்கிட்ட எனக்குப் பிடிக்காத விசயம். ஒரு டாக்ஸிக்காரர் பேட்டரி டவுன்னு கொண்டாந்து குடுத்துட்டு, சவாரி காத்துக்கிட்டு இருக்கு பாய், சீக்கிரம்னு ஹிந்தியில கெஞ்சிக்கிட்டு நின்னார். இவர் என்ன செஞ்சார் தெரியுமா? மேல் மூடிய வெட்டித் திறந்து, பிளேட்ட வெளிய உருவி, டாக்ஸிக்காரர் மூக்குக்கு நேரா நீட்டினார். இந்தச் சாக்லேட் கலர் இருக்குல்லா, இதுதான் நாலு. இந்தச் சாம்பல் கலர்ல இருக்கிறது எதையும் குடுக்காத சும்மா காரீயம். கரண்டு எடுக்க எடுக்க ரெண்டும் வெள்ளையாப் போயி, ரெண்டுங்கிற ஒரே நிலைக்கு வந்து நின்னுரும். நாலு எறங்கி வருது, சும்மா இருந்தது ஏறி வருது, ரெண்டு பேரும் நடுவுல சந்திக்கிறாங்கன்னு அவர் ஹிந்தியிலயே ஒரு கதாகாலட்சேபம் நடத்தினார். சவாரி போயிருச்சு. டாக்ஸிக்காரர் அவர் பரம்பரையவே இழுத்துத் திட்டினார். இவர் அதையும் கேட்டுக்கிட்டு, "திட்டுங்க, ஆனா அந்தக் கலரப் பாத்தீங்கல்லா?"ன்னார்.

எங்கம்மாகிட்டயும் ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கிட்டார். அம்மா மாருதிக்கு, அதான் அனுமாருக்கு, சாத்துறதுக்குச் செம்பூர்லருந்து செந்தூரப் பொட்டலம் வாங்கிட்டு வந்தா. கடை வாசல்ல நின்னு யார்கூடயோ பேசிக்கிட்டு இருந்தா. கண்ணாடிக் காகிதத்துக்குள்ள தெரிஞ்ச அந்த ஆரஞ்சுச் சிவப்பப் பாத்ததும் பாய்க்குப் பொறுக்கல. மைனி, ஒரு சிட்டிகை குடுங்கன்னு வாங்கி, ஒரு கண்ணாடிக் குழாயில போட்டு, நைட்ரிக் ஆசிட்ட விட்டார். சிவப்பு போயி அடியில பழுப்பா நின்னுச்சு. சந்தேகமே இல்ல, இது செங்காரீயம், இதுல மூணு அணு இருந்தா ரெண்டு அணு ரெண்டுல இருக்கும், ஒண்ணு நாலுல இருக்கும், ரெண்டுல இருந்தது கரைஞ்சுருச்சு, நாலு கரையாம நிக்குதுன்னு குதியாக் குதிச்சார். அம்மாவுக்கு சாமிப் பொருளை ஆசிட்டுல போட்டுட்டானேங்கிற ஆத்தாமை. வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்துட்டா. அவர் பின்னாடியே வந்து, சாமிக்கு வேணா சாத்துங்க மைனி, உங்க நெத்தியில வச்சுராதீங்க, காரீயம் விசம்னு வாசல்ல நின்னு கெஞ்சினார். அடுத்த வாரம் அம்மா செந்தூரம் வாங்குற கடைய மாத்திட்டா.

அவர் கடைக்குள்ள யாரும் டீ குடிக்க முடியாது. கட்டிங் சாய் வந்தா ரோட்டுல நின்னுதான் குடிக்கணும். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத்தான் அவர் கிளாஸைத் தொடுவார். காரீயம் உடம்புக்குள்ள போனா கால்சியம் மாதிரி வேசம் போட்டு எலும்புக்குள்ள குடியேறிரும், அதுவும் ரெண்டு இதுவும் ரெண்டுங்கிறதால உடம்புக்கு ஆள் மாறாட்டம் தெரியாதுன்னு சொல்லுவார். அதைச் சொல்லும்போதும் ஒரு பெருமைதான். ஏதோ அவர் வீட்டுப் பிள்ளை படு சூட்டிகைன்னு சொல்ற மாதிரி.

கடையில மேல் பலகை முழுக்க செத்த பேட்டரியா அடுக்கி வச்சிருப்பார். டெம்போவுல, கார்ல இருந்து கழட்டிப் போட்டுட்டு, வேண்டாம் பாய், நீங்களே வச்சுக்கோங்கன்னு ஆளுங்க விட்டுட்டுப் போனது. பங்கார்க்காரன் பழைய சாமான் எடுக்க வாரா வாரம் வந்து, காரீயத்துக்குக் கிலோ இவ்வளவுன்னு தராசை நீட்டுவான். இவர் குடுக்க மாட்டார். ரெண்டுலயே ரொம்ப நாள் கெடந்தா அந்த வெள்ளை உப்பு கல்லு மாதிரி இறுகிருமாம், அப்பறம் எழுந்திரிக்காதாம். வேகமா சார்ஜ் போட்டா சூடாகிச் சாகும். கொஞ்சம் கொஞ்சமா, துளித் துளியா, பதினஞ்சு நாள் இருபது நாள் கரண்டு குடுத்தா அதுல ஒரு பங்கு மறுபடி நாலுக்கு ஏறும்னு சொல்லுவார். எல்லாத்துக்கும் ஒயர் மாட்டி, நர்ஸ் மாதிரி காலையும் சாயங்காலமும் முள்ளு மீட்டர்ல பாத்து நோட்டுல எழுதுவார். கரண்டு பில்லு எகிறும். காலி பீலி, சும்மானாச்சும் கரண்டு எரிக்கிறார்னு சந்தே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். கூட்டத்துல நல்லாவே சிரிச்சேன்.

இப்ப எங்க அப்பா கதைக்கு வரேன். அப்பா முப்பது வருசம் இட்லி அவிச்சவர். கீழ அடுப்படி, மேல நாங்க குடியிருக்கிற மாடி, நடுவுல ஒரு இரும்பு ஏணி. விறகுப் புகையையே தின்னு தின்னு நுரையீரல் போயிருச்சு. வீட்டுலயே ஆக்சிஜன் மெஷின் வச்சு மூக்குல குழாய் போட்டுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். கரண்டு போனா மெஷின் நின்னுருமே, அதனால இன்வெர்ட்டர் வாங்கினோம். எங்க வாங்கினோம்? சந்து முனையில இருக்கிற பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா? இல்ல. ஒரு பேட்டரி வாங்கப் போனா ஒரு வருசத்துப் பாடம் கேக்கணுமேன்னு நான் போன்லயே ஆர்டர் போட்டு வரவழைச்சேன். ஆளுங்க ஏணியில ஏத்திக்கிட்டு இருக்கும்போது அவர் கடை வாசல்ல நின்னு பாத்தார். எத்தனை ஏ.ஹெச், எவ்வளவு கரண்டு கொள்ளும்னு மட்டும் கேட்டார். அந்தப் பேட்டரிக்கு மாசா மாசம் தண்ணி ஊத்துற வேலைய அம்மா எடுத்துக்கிட்டா.

ஜூலை மாசம், ரெண்டு நாள் விடாத மழை. மூணாம் நாள் காலையில சந்துல தொடை அளவுக்குத் தண்ணி. எங்க அடுப்படி முழுகிருச்சு. ரயில் இல்ல, ஆபீஸ் இல்ல. ஒம்பது மணி வாக்குல, மீட்டர் பெட்டிக்குத் தண்ணி ஏறிரும்னு ஏரியாவுக்கே கரண்ட கட் பண்ணிட்டாங்க. இன்வெர்ட்டர் டக்குன்னு எடுத்துக்கிச்சு, மெஷின் ஓடுச்சு. மூணு மணி நேரம் தாங்கும்னு சொல்லித்தான வித்தான்? இருபதாவது நிமிசம் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிருச்சு.

ஆம்புலன்சுக்கு அடிச்சா, மெயின் ரோட்டுலயே இடுப்பளவு தண்ணி, உள்ள வரமுடியாதுங்கிறான். வீட்டுல இருந்த சின்ன சிலிண்டர்ல அரை மணி நேரத்துக்குத்தான் காத்து. அதை மாட்டிவிட்டேன். அப்பா விரல்ல மாட்டுற ஆக்சிஜன் மீட்டர் தொண்ணூத்தொண்ணு காட்டுச்சு. யாருக்குப் போன் பண்ணன்னு யோசிக்கவே இல்ல, விரல் தானா பேட்டரி பாய் நம்பருக்குப் போச்சு. பாய், அப்பா மெஷின் நிக்கப் போகுதுன்னேன். எத்தனை வாட்டுன்னு கேட்டார். மெஷின் முதுகுல பாத்து முன்னூத்தி அம்பதுன்னேன். வாய்க்குள்ள ஏதோ கணக்குப் போட்டார். அப்பறம், "உங்க வீட்டுல மாவு கரைக்கிற பெரிய டப்பு இருக்குல்லா, அத எடுத்துக்கிட்டு கடைக்கு வா"ன்னார்.

போனேன். தண்ணியில மிதந்த அந்த நீல டப்ப இழுத்துக்கிட்டே போனேன். அவர் தொடையளவு தண்ணிக்குள்ள நின்னு, மேல் பலகையில இருந்து செத்த பேட்டரிய ஒவ்வொண்ணா எறக்கிக்கிட்டு இருந்தார். பதினொண்ணு இருந்துச்சு. மழை வரும்னு தெரிஞ்சு கஸ்டமர் பேட்டரி எல்லாத்தையும் முந்துன நாளே குடுத்து அனுப்பிட்டாராம். மிச்சம் இந்தப் பதினொண்ணுதான். அவரோட பெரிய சார்ஜர் மெஷின் கீழ் மேசையில இருந்துச்சு, தண்ணி அதோட காலைத் தொட்டுருச்சு. பாய், சார்ஜர்னு நான் கை காட்டினேன். திரும்பிப் பாத்தார். அது கெடக்குன்னுட்டு இன்னொரு பேட்டரியத் தூக்கி டப்புக்குள்ள வச்சார்.

ஒரு தடவைக்கு நாலு பேட்டரி. டப்பு அலையில ஆடுது, ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். எங்க சாக்கடை கட்டர் மூடி திறந்து கெடக்குன்னு தெரியாது, காலால தடவித் தடவிப் போறோம். ஏணியில அவர் தோள்ல வச்சு ஏத்தினார். மூணு நடை. மூணாவது நடைக்குப் போகும்போது அவர் சார்ஜர் தண்ணிக்குள்ள போயிருச்சு. அவர் பிழைப்பே அதுதான். நான் ஐயோன்னேன். அவர் டப்ப வாசல் பக்கம் தள்ளினார்.

மேல வந்ததும் எங்க பேட்டரி மூடியத் திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தார். உள்ள பிளேட்டு பூரா வெள்ளை. என்ன தண்ணி ஊத்துனீங்க மைனின்னு கேட்டார். அம்மா, நல்ல தண்ணிதான் பாய், அவருக்குக் குடிக்கக் காய்ச்சி ஆறவச்ச தண்ணி, அதைத்தான் ஊத்துனேன்னா. இதுக்குன்னு கடையில டிஸ்டில்டு வாட்டர்னு விக்கிறது எங்க யாருக்கும் தோணல. காய்ச்சின தண்ணிய விடச் சுத்தமானது என்ன இருக்குன்னுதான் நாங்க எல்லாரும் நினைச்சோம். அவர் கை கிளிப்ப மாட்டிக்கிட்டே இருந்துச்சு, வாய் பேசிக்கிட்டே இருந்துச்சு. இட்லிக் கொப்பரையில மூடியில சொட்டுற ஆவித் தண்ணிதான் சுத்தம் மைனி, கீழ கொதிச்சு நிக்கிற தண்ணியில உப்பு எல்லாம் அப்படியே கூடித்தான் போகும், காரீயத்துக்கு அந்த உப்பு ஆகாது. முப்பது வருசம் ஆவியோட பொழைச்ச அம்மா தரையில உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டா. நானே அவரக் கொன்னுருப்பேனேன்னு அழுதா. பாய் திரும்பிப் பாத்துட்டு, அழுறதுக்கு நேரம் இல்ல, அந்த ஸ்பேனர எடுங்கன்னார். அம்மா எழுந்திரிச்சு எடுத்துக் குடுத்தா. அதுக்கப்பறம் அம்மா அழல.

முதல் செத்த பேட்டரி இருபத்தாறு நிமிசம் ஓடுச்சு. ரெண்டாவது முப்பத்தொண்ணு. பழசக் கழட்டறதுக்கு முன்னாடியே அடுத்தத மாட்டிருவார், அதனால மெஷின் ஒரு நொடி கூட நிக்கல. சுவத்துல கரித்துண்டால நிமிசத்த எழுதிக்கிட்டே வந்தார். சும்மா எழுதினாரா? ஒவ்வொண்ணும் ஓட ஓட, முள்ளு மீட்டர் முன்னாடி குந்தி உக்காந்துக்கிட்டு, "வா, வா, எறங்கி வா. மெதுவா வா. அவசரமில்ல"ன்னு பேட்டரிகிட்ட பேசுறார். முகமெல்லாம் வேர்வை, சட்டையெல்லாம் கட்டர் தண்ணி, அந்த மனுசனுக்கு இருக்கிற சந்தோசத்தப் பாக்கணுமே. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. இங்க ஒரு உசிரு ஊசலாடுது, இவருக்குத் திருவிழாவா இருக்குன்னு பல்லக் கடிச்சேன். ஆனா அவர் கரித்துண்ட எடுத்து முப்பத்தேழுன்னு எழுதினப்ப என் உடம்பும் சிலிர்த்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அஞ்சாவது பேட்டரிக்கு நானும் பக்கத்துல குந்திட்டேன்.

அப்பா அவர வாயாடின்னு சொல்லி வருசக்கணக்கா ஒதுக்கினவர். இப்பக் கட்டில்ல சாஞ்சு உக்காந்து, குழாய் வழியா மூச்ச இழுத்துக்கிட்டு, கண்ண எடுக்காமக் கேட்டுக்கிட்டு இருந்தார். சாக்லேட் கலரு, சாம்பல் கலரு, வெள்ளை, எல்லாம் கேட்டார். பாய் நிறுத்தினதும், மூச்சு வாங்க வாங்க, "ரெண்டும்... ரெண்டுக்கு வந்தப்பறம்?"னார்.

"வந்தப்பறம் நிம்மதி அண்ணாச்சி. ஆனா நிம்மதியா இருந்தா கரண்டு வராது."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிப்பு இருமலாச்சு, இருமல்ல விரல் மீட்டர் எண்பத்தஞ்சுக்கு எறங்கிருச்சு. ரெண்டு பேரும் வாய மூடுங்கன்னு நான் கத்தினேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி ரெண்டு பேரும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. மெதுவா எண்பத்தெட்டு, தொண்ணூறுன்னு ஏறினப்பறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பத்தாவது பேட்டரி பீப் அடிக்கும்போது மணி ரெண்டரை. கரண்டு வரல. தண்ணியும் வடியல. மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. ஏதோ ஒரு டெம்போவுல இருந்து வந்தது, ரெண்டு பக்கமும் வயிறு வீங்கி, பாத்தாலே பயமா இருந்துச்சு. இது பத்து நிமிசம் குடுத்தாப் பெருசு தங்கச்சின்னு அவரே சொல்லிட்டார். பக்கத்துல பை தைக்கிற பேக் பட்டறை ஆளுங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லி வச்சேன். அப்பாவ நாற்காலியில உக்கார வச்சு, தலைக்கு மேல தூக்கி, மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோயிரலாம்னாங்க. குழாய் இல்லாம அரை மணி நேரம். தாங்குவாரா? யாரும் அதக் கேக்கல. அம்மா அவர் சட்டைய மாத்தி, வேட்டிய மடிச்சுக் கட்டிவிட்டா.

பதினொண்ணாவத மாட்டினார். பத்து நிமிசம் போச்சு. முள்ளு அசையல. பதினஞ்சு. இருபது. பட்டறை ஆளுங்க ஏணியடியில தண்ணிக்குள்ள நின்னு, என்ன, தூக்கலாமான்னு கேட்டாங்க. பாய் பொறுங்கன்னு கைய மட்டும் ஆட்டினார். அவர் பேச்சு நின்னு போச்சு. அவர் பேசாம இருந்து நான் பாத்தது அன்னைக்குத்தான். மீட்டர்ல ஒரு கோட்டுல முள்ளு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு, அவர் கண்ணும் அங்கேயே நின்னுச்சு. முப்பது. முப்பத்தஞ்சு. அது எங்கருந்து குடுக்குதுன்னு அவருக்கே தெரியலன்னு முகத்துல எழுதியிருந்துச்சு.

நாப்பதாவது நிமிசம் கரண்டு வந்துச்சு. டியூப் லைட்டு கண்ண சிமிட்டுச்சு, ஃபேன் சுத்துச்சு, சந்து முழுக்க ஓன்னு சத்தம். இன்வெர்ட்டர் டக்குன்னு கரண்டுக்கு மாறிருச்சு. அம்மா முருகான்னு அப்பா காலடியில சரிஞ்சு உக்காந்துட்டா. எனக்குக் கண்ணு முட்டிருச்சு. ஆறு மணி நேரம். தப்பிச்சோம்.

பாய் கைய நீட்டி, இன்வெர்ட்டருக்குக் கரண்டு வர்ற சுவிட்ச அணைச்சார்.

மெஷின் மறுபடி பேட்டரிக்குப் போச்சு. என்ன செய்யிறீங்க பாய்னு பாய்ஞ்சேன். அவர் மீட்டர்ல இருந்து தலைய நிமித்தவே இல்ல.

"ஒரு அஞ்சு நிமிசம் தங்கச்சி. இது எங்க போயி நிக்குதுன்னு பாத்துருதேன். இத ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். காலையில இருந்து அவர் மேல எனக்கு வந்திருந்த மரியாத அத்தனையும் அந்த ஒரு நிமிசத்துல தீஞ்சு போச்சு. எங்க அப்பா மூச்சு உங்களுக்கு பேட்டரிய இழுக்கிற லோடாத் தெரியுதா, நீங்க மனுசனான்னு கேட்டுட்டேன். அப்பத்தான் அவர் நிமிந்தார். என்னையப் பாத்தார், கட்டில்ல இருக்கிற அப்பாவப் பாத்தார், தன் கை எங்க இருக்குன்னு பாத்தார். முகம் செத்துப் போச்சு. மாப்பு தங்கச்சின்னு முணுமுணுத்துக்கிட்டு சுவிட்சுக்குக் கையக் கொண்டு போனார். அவரத் தள்ளிட்டு நானே போட்டுருவோம்னு சுவிட்சுல விரல வச்சுட்டேன்.

"விடுட்டி"ன்னார் அப்பா.

திரும்பினேன். அப்பா மூக்குக் குழாய ஒரு கையால சரி பண்ணிக்கிட்டு, விரல் மீட்டர எனக்குக் காட்டினார். தொண்ணூத்திரெண்டு. மூச்சச் சேத்துச் சேத்துத்தான் சொன்னார்.

"காலையிலருந்து... என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாருல்லா. இப்ப அதப் பாக்கட்டும்."

பாய் அப்படியே குந்தி உக்காந்தார். அழுதாரா, வேர்வையான்னு எனக்குத் தெரியல. அப்பா கட்டில்ல இருந்து கழுத்த நீட்டி முள்ளப் பாத்தார். அம்மா சுவர்க் கடியாரத்தப் பாத்து நாப்பத்திமூணுன்னா. கொஞ்சம் கழிச்சு நாப்பத்திநாலுன்னா. மெஷின் புஸ் புஸ்னு காத்த விட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் சுவிட்சு மேல விரல வச்சபடியே நின்னேன். அமுக்கல.